கேட்டா என்ன தப்பு?

"குடுத்த மாத்திரையை முழுங்கு, கேள்வி கேக்காதே"ன்னு சொல்றவங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வருதுங்க. 2004-லேர்ந்து எச்ஐவி மருந்தை அரசு இலவசமா குடுக்குது, ரொம்ப நல்ல விஷயம். இலவசம்னா வாயை மூடிக்கணுமா?

இப்போ வழக்கமா ஆரம்பிக்கிற மாத்திரையில டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூணும் இருக்கு. டெனோபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கிரியேட்டினின் பார்த்தாச்சா? ஹெபடைடிஸ் பி இருக்கா? இருந்தா, மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா கல்லீரலுக்கு ஆபத்து.

என் சிநேகிதன் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். யாரும் கேக்கலை, இவனும் வெக்கப்பட்டு சொல்லலை. அது டொலுடெகிராவிர் அளவைக் குறைச்சிடும், அதை ரெண்டு வேளை எடுக்கணும்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

ஒரு சாஃப்ட்வேர் போடவே எது எதோட ஒத்துப்போகும்னு பாக்குறோம். உடம்புக்குப் பாக்க வேணாமா? மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லலை சாமி. கேட்டுட்டு, சீக்கிரமே ஆரம்பிங்க!