இளந்தொண்டரின் பாடமும் நம் கடனும்

காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், தன்னிடம் சேரும் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டினைக் கேட்கிறது. ஈராண்டில் அது 240 மணி நேரம். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் பிறந்த அவ்வியக்கம் இன்று நாடெங்கும் பரவி நிற்கிறது. அதன் தொண்டர் பலர் அண்மையிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று, நீரை அளவறிந்து புழங்குதல், கழிவைப் பிரித்தல், ஞெகிழியைத் தவிர்த்தல், மின்சாரத்தை வீணாக்காமை ஆகிய அன்றாட அறங்களைச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். போற்றுதற்குரிய பணி இது. ஆயினும், இப்பணி வேரூன்றுவதும் வீணாவதும் அவ்விளைஞர் கையில் மட்டும் இல்லை. பெரியோராகிய நம் கையிலும் இருக்கிறது. அதை எடுத்துரைப்பது நம் கடமை.

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு 1991 நவம்பர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாடநூலில் அப்பாடம் இடம்பெற்றுவிட்டது. தேர்வில் அதற்கு வினாவும் உண்டு. மாசின் வகைகளைப் பிழையற எழுதித் தேர்ந்த தலைமுறையின் கண்முன்னரே ஏரிகள் சுருங்கின, குப்பைமேடுகள் உயர்ந்தன. அறிந்தது பழக்கமாகாமல் நிற்பதே நம் நோய். அந்நோய்க்கு மருந்தாகும் தகுதி இளந்தொண்டர்க்கு உண்டு. தமக்குச் சில ஆண்டுகளே மூத்த அண்ணனும் அக்காளும் சொல்வதைக் காட்டிலும், அவர்கள் செய்வதையே பிள்ளைகள் உற்றுநோக்கிப் பின்பற்றுகின்றனர்.

ஆகவே, அறிவுரையைக் குறைத்து அளவையைக் கையில் கொடுப்பதே நல்ல தொண்டருக்கு அழகு. ஒழுகும் குழாயின் அடியில் 200 மில்லிலிட்டர் குவளையைப் பிள்ளைகளே வைக்கட்டும். பத்து நிமிடத்தில் அது நிரம்பினால், ஒரு நாளில் ஏறத்தாழ 29 லிட்டர் நீர் வீணாவதை அவர்களே கணக்கிட்டு அறிவர். பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர் என்றால், பத்து மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழுவது 1,000 லிட்டர். 60 வாட் குமிழ்விளக்கு 17 மணி நேரத்திற்குள் ஒரு யூனிட் மின்சாரத்தை உண்டுவிடும். 9 வாட் எல்.இ.டி. விளக்கோ அதே ஒரு யூனிட்டில் 111 மணி நேரம் எரியும். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலையும் மரத்தடிச் சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில திங்களில் அது மணமுள்ள உரமாகும். தன் கையால் அளந்ததையும் தன் கண்முன் மண்ணானதையும் எந்தப் பிள்ளையும் எளிதில் மறவாது.

கழிவைப் பிரிக்கும் பாடத்தில் இன்னும் ஆழ்ந்த அறம் ஒன்று உண்டு. மக்கும் கழிவு, மக்காக் கழிவு, வீட்டுத் தீங்குக் கழிவு என மூவகையாகப் பிரித்தலை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. நாம் பிரிக்காது எறிந்த குப்பைக்குள் யாரோ ஒருவர் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடியும் ஊசிமுனையும் தைப்பது அவர் கையில்தான். எனவே பிரித்தல் என்பது தூய்மைப் பணியாளர்க்கு நாம் செலுத்தும் மதிப்பு. இதை முதலில் உணர்த்தாத வகுப்பு வெறும் வண்ணத்தொட்டி விளக்கமாகவே முடியும். அவ்வாறே, வளாகம் பெருக்கும் முறையும் உரக்குழி கிளறும் முறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வர வேண்டும். குறிப்பிட்ட சாதியார் பிள்ளைகள் தலையிலும் பெண்பிள்ளைகள் தலையிலும் அப்பணியைச் சுமத்தும் பள்ளியில், இயற்கையைக் காப்பது குறித்துப் பேச எவருக்கும் தகுதியில்லை.

தொண்டர்க்கும் ஒன்று சொல்வோம். கற்பிக்கச் செல்லும் நீங்கள் கற்கவும் செல்க. அப்பிள்ளைகள் பலரின் வீட்டில் அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகிறது. அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. கிழிந்த புடவை தரைத்துணியாகி அதன்பின்னரே தன் பயனை முடித்துக்கொள்கிறது. வறுமை கற்பித்த சிக்கனத்தை வாழ்த்தி, வறுமையையே பெருமையாக்குவது பிழை. ஆனால், மிகுதியாக நுகர்ந்து பழகியோர் குறைவாக நுகர்வோரிடம் சென்று குறைத்துக்கொள்ளச் சொல்வது அதனினும் பெரும் பிழை. தஞ்சையில் 1892இல் பிறந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா, சிறையில் எழுதி 1945இல் வெளியிட்ட நூலில், தோண்டத் தோண்டத் தீரும் கனிமத்தையும் எண்ணெயையும் நம்பும் வாழ்வு நிலையற்றது என்றும், இயற்கை புதுப்பித்துத் தருவதன் எல்லைக்குள் அமையும் வாழ்வே நிலைத்தது என்றும் வகுத்துக் காட்டினார். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தங்கி, அக்கொள்கைப்படியே எளிமையாக வாழ்ந்தார். வகுப்பறைக்குச் செல்லுமுன் தொண்டர் அறிந்திருக்க வேண்டிய வாழ்வு அது.

இனி நம் கடன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை ஞெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. எனினும், பள்ளி வாயிலை ஒட்டிய கடையில் தடைசெய்த பை தொங்குமானால், பிள்ளை எதை நம்பும்? இரு தொட்டிகளில் அது பிரித்து இட்ட கழிவை ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தால், ஓராண்டுப் பாடம் ஒரு நொடியில் பொய்யாகும். ஞெகிழி உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2016ஆம் ஆண்டு ஞெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. அப்பொறுப்பைக் கேட்டுப் பெறாத அரசு, பத்து வயதுப் பிள்ளையிடம் உறுதிமொழி வாங்குவது முறையன்று. புவிக்கு நேர்ந்த தீங்கு பிள்ளைகள் செய்ததன்று. அவர்கள் நெஞ்சில் குற்ற உணர்வை ஏற்றாது, ஆற்றலை வளர்ப்பதே கல்வி.

நாம் வேண்டுவன மூன்று. ஒருநாள் பேரணிகளிலும் பதாகைகளிலும் தொண்டு நேரத்தைச் செலவிடாது, ஒரு தொண்டர் குழுவுக்கு ஒரு பள்ளி என ஈராண்டுக்கும் கல்லூரிகள் ஒப்படைக்க வேண்டும். அப்பள்ளிகளில் பிரித்த கழிவைப் பிரித்தபடியே எடுத்துச் செல்ல உள்ளாட்சிகள் உறுதி தர வேண்டும். ஒழுகும் குழாயை மாற்றவும், உரக்குழி வெட்டவும், கூரைநீரைச் சேர்க்கவும் தலைமையாசிரியர்க்குச் சிறு நிதியும் முழு உரிமையும் கல்வித்துறை வழங்க வேண்டும். இவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல, பொறுப்பினைக் கேட்பவை. இளைஞர் தம் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டனர். அவர்கள் கற்பிப்பதைச் சட்டத்தாலும் செயலாலும் மெய்ப்பிப்பது ஆட்சியாளர் கடன். அதைத் தட்டிக் கேட்பது பெற்றோராகிய நம் அனைவரின் கடன்.