விளைந்தபின் மாலையா, விதைக்கும்போது நீரா?

கலைஞன் ஒருவன் பெயர் பெற்றபின் அவனுக்குப் பொன்னாடை போர்த்தப் பல கைகள் முன்வருகின்றன. மேடை அமைக்கிறோம், பட்டம் சூட்டுகிறோம், அவன் நம் ஊரான் என்று பெருமை பேசுகிறோம். அவன் பெயர் பெறாதிருந்த நாளில், வண்ணம் வாங்கவும் வழியின்றி நின்றபோது, நாம் எங்கே இருந்தோம்? இவ்வினாவைச் சான்றோர்முன் பணிவுடன் வைக்க விழைகின்றோம்.

முடிந்த செயலுக்குத் தருவது பரிசு. கற்பதற்குத் தருவது உதவித்தொகை. ஒன்றைப் படைத்து முடிப்பதற்கெனப் படைக்கும் முன்னரே தருவதை ஆக்க நல்கை எனலாம். முன்னிரண்டும் நம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளன. மூன்றாவதே இன்று அரிதாகிவிட்டது.

அரிதாகிவிட்டது என்றுதான் கூறுகின்றோம். புதிது என்று கூறவில்லை. ஆக்க நல்கை மேலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என எண்ணுவோர் பரங்கிப்பேட்டையை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையில் இடைப்படும் ஊர் அது. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம். தமிழ் இலக்கிய வரலாற்றின் சிறந்த ஆக்க நல்கைகளுள் ஒன்று அவ்வூரில்தான் நிறைவுற்றது.

பதினேழாம் நூற்றாண்டில் எட்டயபுரத்து அரசவையில் இளமையிலேயே இடம்பெற்றவர் உமறுப்புலவர். நபிகள் நாயகம் அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடுமாறு அவரைத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. புலவரிடம் பாட்டுத்திறம் இருந்தது. ஆனால் பாடுதற்குரிய செய்திகள் அரபு நூல்களில் இருந்தன. அவற்றை அறிஞர்வழிக் கேட்டுத் தெளியக் காலம் வேண்டும். அக்காலமெல்லாம் குடும்பத்துக்கு உணவு வேண்டும். பரங்கிப்பேட்டை அறிஞர் லெப்பை அலி ஹாஜியாரிடம் அவர் வரலாற்றுச் செய்திகளைப் பெற்றார் என்பர். நூல் நிறைவெய்தும் முன்னரே சீதக்காதி மறைந்தார். பணி அத்துடன் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிரார். ஆயினும் பரங்கிப்பேட்டை வணிகச் செல்வர் அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். 5,027 விருத்தங்களைக் கொண்ட சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்தது. புலவரும் அவ்வள்ளலின் பெயரை நூலுள் பல இடங்களில் நன்றியுடன் பதித்துச் சென்றார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்கவை மூன்று. நூல் எப்படி அமையும் என்பதை அறியாத நிலையிலேயே சீதக்காதி பொருளீந்தார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். மூன்றாவதே தலையாயது: உமறுப்புலவர் பெருமானாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. எனினும் பொருள் வீணாயிற்று என்று யாராவது சொன்னதுண்டா? பின்வந்த பனீ அகமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றைச் சின்ன சீறாவாகப் பாடினார். ஒரு நல்கை ஊன்றிய விதை இரண்டு நூல்களாக விளைந்தது.

சிதம்பரத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. தில்லையைக் காணத் துடித்த நந்தனாரின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நூல் அச்சேறத் துணைநின்றவர் காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னர் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதனை நிறுவிய இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்கள் பெருகுவதற்கெனப் பத்தாயிரம் ரூபாய் வழங்கினார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. கீழக்கரை வணிகரும், பரங்கிப்பேட்டை மரைக்காயரும், பிரெஞ்சு அதிகாரியும், செட்டிநாட்டரசரும் வெவ்வேறு சமயத்தவர், வெவ்வேறு மொழியினர். வேலை நடக்கும்போதே கை கொடுத்தல் என்னும் பண்பில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

இன்றைய நிலை யாது? இம்மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிகளுக்குப் பெயர்பெற்றது. நெசவாளர் வீட்டு இளைஞர் ஒருவர் கைலியில் புதிய கட்டமைப்பு ஒன்றைக் கற்பனை செய்கிறார் எனக் கொள்வோம். அதைத் தாளில் வரைய ஒரு நாள் போதும். துணியில் காண வேண்டுமாயின் நூல் வாங்கிச் சாயம் தோய்க்க வேண்டும். புதுப் பாவு ஓட்ட வேண்டும். கூலி தரும் தறியைச் சில நாள்கள் கூலியின்றி நிறுத்திவைக்க வேண்டும். அச்சில நாள்களின் கூலியை யார் தருவார்? தருவாரின்மையால் புதுக்கட்டம் தாளிலேயே உறங்குகின்றது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயின்றோர்க்கும் இதே இடர்தான்: புதிய வடிவம் சூளையில் நான்குமுறை வெடித்து ஐந்தாம் முறை நிலைக்கலாம், அந்நான்கு முறைக்கும் செலவு உண்டு. சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகின்றது. மேடையில் அரைமணி நேரம் ஆடும் இளங்கலைஞர்க்குப் பின்னே பல மாதப் பயிற்சியும் பக்கவாத்தியச் செலவும் ஆடையணிச் செலவும் நிற்கின்றன.

நம் வகுப்பறையிலும் இதனைக் கண்டுள்ளோம். தமிழெழுத்துகளைப் புதுப்புது வடிவில் வரையும் மாணவர் ஒருவர் இருந்தார். நண்பர் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் அவர் கையெழுத்தால் அழகு பெற்றன. அச்சுக்கும் கணினிக்கும் பயன்படும் முழு எழுத்துரு ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. தமிழுக்கு 247 எழுத்துகள். ஒவ்வொன்றின் வளைவையும் சுழியையும் ஒத்திசைய வரைந்து முடிக்க ஆறு திங்கள் வேண்டும் என்றார். அவ்வாறு திங்களை அவருக்குத் தர எவராலும் இயலவில்லை. இன்று அவர் வளைகுடா நாட்டுக் கிடங்கொன்றில் கணக்கெழுதுகின்றார். உழைத்துண்பது பெருமைக்குரியதே. ஆயினும் அவ்வெழுத்துகள் பிறவாமற் போனதற்கு நாமும் பொறுப்பாளிகள் அல்லமோ?

அரசு உதவவில்லையா எனக் கேட்கலாம். உதவுகின்றது. நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகைத் திட்டம், 18 முதல் 25 வயது வரையுள்ளோர்க்குத் திங்கள்தோறும் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் வழங்க வகை செய்தது. ஆனால் அது பயிற்சிக்கு உரியது. நாடகம், நடனம், இசை ஆகியவற்றின் தயாரிப்புக்கெனச் சங்கங்கள், அறக்கட்டளைகள், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றுக்கு அவ்வமைச்சகம் மானியம் அளிக்கும் திட்டமும் உண்டு. நிறுவனத் துணையில்லாத இருபத்திரண்டு வயது இளைஞன் அவ்வாயிலை எவ்வாறு தட்டுவான்? தனியாரில், 1993இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை தனிக்கலைஞர்க்கும் நல்கை வழங்குகின்றது. நாடு முழுமைக்கும் ஊற்றெடுக்கும் ஒரு கிணறு குறிஞ்சிப்பாடியின் தாகத்தை எப்படித் தீர்க்கும்?

மறுப்புகளையும் எண்ணிப் பார்ப்போம். பசித்தோர் பலரிருக்கக் கலைக்குச் செலவிடுதல் தகுமோ என்பர் சிலர். புதுக்கட்டம் ஒன்று சந்தையில் நிலைத்தால் பல தறிகள் ஓடும். அதுவும் பசி தீர்க்கும் வழியே. கொடுத்த பணம் வீணாகுமே என்பர் வேறு சிலர். சில வேளை ஆகும். நம் கடற்கரையில் வலை வீசுவோர் ஒவ்வொரு வீச்சிலும் மீனை எதிர்பார்ப்பதில்லை. வெறும் வலை வந்ததற்காக மறுநாள் கடலுக்குப் போகாமலும் இருப்பதில்லை. பொருள் கொடுப்பவர் கலைஞனைத் தம் விருப்பப்படி ஆட்டிவைப்பாரே என்னும் அச்சமே மூன்றனுள் வலியது. ஆதலின் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு துறையறிந்தோரிடம் இருத்தல் வேண்டும். கொடையாளர் கணக்கைக் கேட்கலாம், கருத்தைத் திருத்தலாகாது.

இனி நம் வேண்டுகோள். கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகள் தத்தம் முன்னாள் மாணவரைக் கொண்டு ஆக்க நல்கை நிதியொன்றைத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஐந்து இளைஞர். ஒருவருக்கு 25,000 ரூபாய். மொத்தம் 1,25,000 ரூபாய். முன்னாள் மாணவர் 125 பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தந்தால் இது நிறைவேறும். சமூகத் தலைவர்கள் சிலர் மனம் வைத்தால் இன்னும் எளிது. பாதித்தொகையைத் தொடக்கத்திலும், மீதியைப் பணி நடுவில் கண்டும் வழங்கலாம். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் அமையட்டும். ஆண்டிறுதியில் செய்ததைக் காட்டுவதே விதி. வெற்றி பெற்றாக வேண்டும் என்பது விதியாகாது. முயன்று முடியாதவர் எங்கே முடியாமற்போயிற்று என்று இளையோர்க்கு எடுத்துரைக்கட்டும்; அடுத்து வருபவர்க்கு அது பாடமாகும்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் கேட்கக் கூச வேண்டா. எதைப் படைக்கப் போகிறீர்கள், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அது இரத்தல் ஆகாது. உழைப்புக்கு உறுதி கூறுதல்.

பெரியோர்களே, செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பதை நாம் பெருமையுடன் சொல்லி வருகின்றோம். அக்கொடை நின்றுபோகாமல் ஏந்திக்கொள்ளப் பரங்கிப்பேட்டையில் ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அவரைப் போன்ற ஒருவருக்காக இம்மண்ணில் இன்னும் பலர் காத்திருக்கின்றனர். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அவர்களுள் ஐவரின் படைப்புகளேனும் அதில் இடம்பெறுமாயின் இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.