அடித்தால் உட்காருமா கவனம்?

வகுப்பில் கவனம் நிலைக்காத பையனைப் பற்றி, “எல்லாம் செல்போன் செய்த கேடு, நாலு சாத்து சாத்தினால் உட்கார்வான்” என்று எழுதியிருக்கிறார் நண்பர். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், விளையாட்டில்கூடச் சற்று நேரத்துக்கு மேல் கவனம் நிலைக்காத 6 வயதுப் பையனைப் பற்றிப் பேசினார். அவன் கையில் எந்தச் செல்போன் இருந்தது?

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் கவனக்குறைபாடு (ADHD) என்று மருத்துவர் முத்திரை குத்துவதில்லை. குறைந்தது 6 மாதம், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தொல்லை தெரிய வேண்டும். 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தக் குறைபாடுள்ள பிள்ளை பலகையிலிருந்து எழுதும்போது இரண்டாம் வரியிலேயே பென்சில் நின்றுவிடும். அடிப்பதற்குப் பதில் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, கணக்கை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். இதே குறைபாட்டோடு சத்தமில்லாமல் கனவில் மூழ்கும் பெண்பிள்ளையை நண்பரின் பிரம்பு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அந்தப் பிரம்பையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது.