வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரி உண்டு!

புதுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "ஒயிட் டவுன் எப்படிப் போகணும்?" மஞ்சள் சுவர், காகிதப்பூ, நாலு போட்டோ, ஒரு காபி, ஊர் பேர் போட்ட டீ-ஷர்ட். ஊர் பார்த்தாச்சாம்!

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தார்களா? வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தது வெள்ளை நகரம், மேற்கே தமிழர்கள் இருந்தது கறுப்பு நகரம். கறுப்பு என்ற பெயர் ஒழிந்தது. வெள்ளை மட்டும் இன்றும் ஹோட்டல் விளம்பரங்களில் பெருமையாக மின்னுகிறது.

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்தது காற்று வாங்க அல்ல, துணி வாங்க! நெய்தவர்களும் சாயம் போட்டவர்களும் தமிழர்கள். வியாபாரத்துக்கு நடுவில் நின்ற துபாஷிகளும் தமிழர்கள்தான்.

சரி, பழமைதான் வேண்டுமா? 1761-ல் ஆங்கிலேயர்கள் வெள்ளை நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று எல்லோரும் சாய்ந்து போஸ் கொடுக்கும் சுவர்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அதற்கும் முந்தையது. பெரிய மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே எத்தனை கேமரா போகிறது?

"டூரிஸ்ட் வந்தால் ஊருக்கு வருமானம்தானே?" என்பார்கள். வரட்டும். ஆனால் அந்தப் பணம் வாய்க்காலைத் தாண்ட வேண்டாமா? வைசியாள் வீதித் திண்ணைகளைப் பார்க்கலாம். வில்லியனூர் சுடுமண் பொம்மையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் வாங்கலாம். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை.

வாய்க்கால் ஒன்றும் அகலமில்லை. மனசு வைத்தால் பத்தே அடியில் தாண்டிவிடலாம்!