யாருடைய கை மென்மையான கை?

கடம் வாசிக்கப் பெண்ணின் கை போதாது என்றார்கள். கை மென்மையாம், பானை கெட்டியாம். இதை உப்பூர்ப் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் கரையில் உப்புச் சுமப்பவர்கள் பெண்கள். பாம்பன் பக்கம் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பவர்களும் பெண்கள்தான். அந்தக் கைகளை மென்மை என்று சொல்லி யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. கூலி வேலைக்கு உரமாக இருக்கும் கை, மேடைக்கு வரும்போது மட்டும் எப்படி மென்மையாகிவிடுகிறது?

சுகன்யா ராம்கோபால் 1957இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னையில் ஸ்ரீ ஜயகணேஷ் தாளவாத்திய வித்யாலயாவுக்கு வயலின் கற்கப் போனவரை அங்கே ஒலித்த மிருதங்கம் இழுத்துக்கொண்டது. ஹரிஹர சர்மாவிடம் மிருதங்கம் கற்றார். பிறகு கடம் வேண்டும் என்றார். சர்மாவின் மகன் விக்கு விநாயக்ராம், பெண்ணுக்கு இது கடினம் என்று தயங்கினார். சர்மா கற்றுக்கொடுத்தார். சாதகத்தால் அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தார் சுகன்யா. விநாயக்ராமும் அவரைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார்.

கைதான் தடை என்றால் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மிருதங்கக்காரர்கள் சிலர் மறுத்தார்கள். அவர்களைக் கேள்வி கேட்பதைவிட அவரை விலக்குவது சபாக்காரர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆக, தடை கையில் இல்லை.

பின் எங்கே இருக்கிறது? தனி ஆவர்த்தனத்தைக் கவனியுங்கள். மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும். கடம் அதற்குப் பதில் சொல்லும். சுற்றுகள் குறுகிக்குறுகி, கடைசியில் இரண்டும் சேர்ந்து கோர்வையில் முடியும். அதாவது, பல பேர் பார்க்க ஒரு பெண் ஓர் ஆணுக்குக் கணக்குப் பிசகாமல் பதில் சொல்கிறாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாடும் பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதையே தாழ்வாக நினைத்த உலகம் இது. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதையும் நெடுங்காலம் பெண்களுக்கு வாசித்ததில்லை; பின்னாளில்தான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார்.

சுகன்யா காத்துக்கொண்டிருக்கவில்லை. வெவ்வேறு சுருதி கொண்ட கடங்களை வரிசையாக வைத்துக் ‘கட தரங்க’த்தை உருவாக்கினார். பெண்களை மட்டும் சேர்த்து ‘ஸ்த்ரீ தாள் தரங்’ குழுவை நடத்தினார். சங்கீத நாடக அகாதெமி விருதும் வந்தது. உடனே, “பார்த்தீர்களா, திறமை இருந்தால் ஜெயிக்கலாம்” என்கிறார்கள். இல்லை. திறமை மட்டும் போதாமல்தான் அவர் தனக்கென்று ஒரு மேடையையே கட்ட வேண்டியிருந்தது. அவரோடு கற்ற ஆண்களில் யாருக்கு அந்த வேலை இருந்தது?

‘முதல் பெண்’ என்ற பட்டத்தின்மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்று மிருதங்கம் வாசித்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளையும் (1910–1998) ‘முதல் பெண்’ என்றுதான் சொல்கிறோம். எங்கள் ராமநாதபுரத்து முருகபூபதி (1914–1998) அவருடைய காலத்தவர். முருகபூபதியை மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவர் என்கிறோம், தகும். ரங்கநாயகியின் பெயரோ பொது அறிவுக் கேள்விக்கான விடையாகச் சுருங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் இன்னொருத்தி ‘முதல் பெண்’ ஆகிறாள் என்றால், ஒருத்தி நுழைந்ததும் பின்னால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடம் பிறக்கும் ஊர் மானாமதுரை, எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். வனைந்த பானையின் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டித்தட்டிச் சுவரை ஒரே கனமாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்து அகாதெமி விருது பெற்றவர் மீனாட்சி என்ற பெண். எங்கே தட்டினால் என்ன நாதம் வரும் என்பது அவர் கைக்குத் தெரியும். வித்வான்களின் பெயரைச் சொல்லும் சபை, அவர்கள் மடியில் இருக்கும் பானையைச் செய்தவரின் பெயரைச் சொல்வதில்லை. மண் பிசையும் சாதி மேடைக்குக் கீழே, பெண் மேடைக்கு வெளியே. இரண்டு விலக்குகளுக்கும் வேர் ஒன்றுதான். சுகன்யாவுக்காகப் பேசும் நாம் மீனாட்சியை மறந்தால் பாதி நியாயம்தான் பேசுகிறோம்.

மாணவிகளே, உங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் பாட்டும் நடனமும் உங்களுக்கு, தாளவாத்தியம் பையன்களுக்கு என்று பட்டியல் வரும். வந்தால் ஏன் என்று கேளுங்கள். மகளிர் தினத்துக்கு மட்டும் பெண்களை வாசிக்கக் கூப்பிடும் சபாவிடம், மீதி 364 நாளும் எங்கே போயின என்று கேளுங்கள். கச்சேரி அழைப்பிதழில் கடைசி வரிவரை படியுங்கள். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெண் பெயர் இல்லையென்றால், கை மென்மை என்ற பழைய காரணத்தை இனி ஒருவரும் நம்மிடம் சொல்ல முடியாது. உண்மையான காரணத்தைச் சொல்லட்டும்.