சத்திரத்து அடுக்களை

தஞ்சையிலிருந்து அதிராம்பட்டினம் செல்லும் வழியில் ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் நினைவாக எழுப்பிய சத்திரம் உள்ளது. இராமேசுவர யாத்திரிகர் கட்டணமின்றித் தங்கிய விடுதி அது. தம் சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு அவர் எழுதிய மடல், எல்லாச் சாதிப் பயணியருக்கும் சோறு, சமைத்த சோறு வேண்டாதார்க்கு அரிசி, நோயுற்றோர்க்கு மருத்துவம், சிறுவர்க்குக் கல்வி எனப் பணிகளை விரிக்கிறது, கட்டட அழகையன்று!

பழங்கட்டடங்களைப் புதுப்பிப்போர் சுண்ணாம்புச் சாந்தையே நாட வேண்டும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துச் செங்கல்லை அரிக்கும். ஆயினும் சுவரை மட்டும் மீட்டுப் பூட்டி வைத்தால் அது சத்திரமாகுமா? தூணுக்கும் சிற்பத்துக்கும் செலவிடும் திட்டத்தில், வழிப்போக்கர் தங்கச் சில அறைகளுக்கும் ஓர் அடுக்களைக்கும் இடம் ஒதுக்குதல் வேண்டும்.