வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாமா?

அதிகாலை 4.50-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அனுப்பியவர் அப்பா. முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் உடம்பு இன்னும் முதல் ட்ரிப் நேரத்துக்கே விழித்துக்கொள்கிறது.

வீடியோவில் ஓர் அமெரிக்கத் தம்பதி. இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது இருக்கும். சொந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பெரிய வண்டியில் நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். கோடைக்கு ஒரு தேசியப் பூங்கா, குளிருக்கு இன்னொன்று. அங்கே தொப்பி மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழி சொல்கிறார்கள்.

வீடியோவுக்குக் கீழே அப்பா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'பாப்பா, நாங்களும் இப்படிப் போகலாமா?'

பொங்கலுக்குக் கம்பத்துக்குப் போனபோது வீட்டில் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வேன் ஒன்றைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்தே தன் கருத்தைச் சொன்னார்:

"நான் இருபது வருஷமா இந்த வீட்டை விட்டு நகரல. இவரு வீட்டையே நகத்தப் போறாராம்."

சிரித்துவிட்டேன். ஆனால், அன்று மாலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டு வந்த அப்பா சொன்னது சிரிக்கும்படி இல்லை. "அங்க போய் நின்னா பசங்க 'ஏறுங்கண்ணே'ன்னு கூப்பிடுறாங்க. ஏறி எங்க போறது?"

அவருக்கு வேண்டியது வேனா, இல்லை வேறு ஏதாவதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

வாடகைக்குப் பதில் உழைப்பு

அமெரிக்காவில் இந்த வீட்டு வண்டியை ஆர்.வி. என்கிறார்கள். அதிலேயே வருடம் முழுக்க வாழ்கிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்குத் தினமும் இருக்கும் தலைவலி, ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான். தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், கழிவுநீரைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டும். இதெல்லாம் இருக்கும் இடத்துக்கு நாள் வாடகை உண்டு.

இங்கேதான் தேசியப் பூங்காக்கள் வருகின்றன. பூங்காக்களில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ள அங்கே 1970-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பல பூங்காக்களில் ஏற்பாடு இதுதான்: வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தால் வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம் இலவசம். சம்பளம் கிடையாது. முகாமுக்கு வருகிறவர்களை வரவேற்பது, தகவல் மையத்தில் உட்காருவது, நடைபாதையைச் சீர்படுத்துவது, குப்பை அள்ளுவது என எல்லா வேலையும் உண்டு. மொத்தம் 250 மணி நேரம் உழைத்தவருக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் மத்திய அரசுப் பூங்காக்களுக்கெல்லாம் ஒரு வருட இலவச அனுமதிச் சீட்டும் தருகிறார்கள்.

நம் கண்ணுக்கு அந்தப் பளபள வண்டி மட்டும்தான் தெரிகிறது. அந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பது என்னவோ காலையில் எழுந்து போக ஒரு வேலையும், 'நீங்க வாங்க' என்று கூப்பிட ஓர் இடமும்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நம் ஊரில் முடியுமா?

முதலில் வண்டி. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் நம் சட்டத்தில் இல்லாத ஒன்று இல்லை. ஆனால், பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலையும் கேஸ் அடுப்பையும் வைத்தால் போதும் என்று நினைத்தால் சிக்கல்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீட்டிலும் வம்பு வரும்.

அடுத்து, நிறுத்தும் இடம். இதில் கேரளா முந்திக்கொண்டது. 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தார்கள். மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-ல் வாகமண்ணில் வந்தது. நமக்கு அது ரொம்ப தூரமும் இல்லை. குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை வழியாகப் போனால் வந்துவிடும். ஆனால், அது சுற்றுலாப் பயணிகள் ஓரிரு இரவு தங்கிவிட்டுப் போவதற்கான ஏற்பாடு. வருடம் முழுக்க வாழ்வதற்கு இல்லை.

மூன்றாவது, காடு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளோ, தேசியப் பூங்காவுக்குள்ளோ அனுமதி இல்லாமல் நுழையவே முடியாது. பந்திப்பூர் மாதிரி காடுகளில் ராத்திரி 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெரும்பாலான வண்டிகளை விடுவதே இல்லை. யானையும் புலியும் நடமாடும் இடத்தில் வேனை ஓரங்கட்டிப் படுப்பது நடக்கிற காரியமா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "நைட் ஹால்ட்ல முப்பது வருஷம் பஸ்ஸுலதான படுத்தேன்? எனக்கு ஆர்.வி. புதுசா என்ன?"

அதுவும் சரிதான்!

மலைக்கு மேலே நூறு பெண்கள்

வேனை விட்டுவிடுவோம். அந்த வீடியோவின் இன்னொரு பாதி, காட்டுக்காகச் சம்பளம் இல்லாமல் உழைப்பது, நம் பக்கம் இருக்கிறதா? இருக்கிறது. அதுவும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில்.

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கிருந்து தேக்கடி, பெரியாறு புலிகள் காப்பகம். 1950-ல் பெரியாறு சரணாலயமாகி, 1978-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. இன்றைக்கு 925 சதுர கிலோமீட்டர்.

தொண்ணூறுகளின் கடைசியில், உலக வங்கி உதவியோடு அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. காட்டை ஒட்டி வாழும் மக்களை விரட்டாமல், சூழல் மேம்பாட்டுக் குழுக்களாகச் சேர்த்து, பிழைப்புக்கு வேறு வழி செய்து கொடுப்பதுதான் திட்டம். அதில் நடந்த ஒரு விஷயம் இன்றும் பேசப்படுகிறது. வயணா என்கிற காட்டு லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மனம் மாறி முன்வந்தார்கள். வனத்துறை அவர்கள் மீதான வழக்குகளைக் கைவிட்டு, அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கியது. காட்டின் எந்த மூலையில் என்ன நடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சுற்றுலாப் பயணிகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, கூடாரத்தில் தங்க வைக்கும் 'பெரியாறு டைகர் டிரெயில்' இப்படி வந்ததுதான்.

ஆனால், அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது இதற்கு அடுத்த கதைக்குத்தான்.

2002-ல் அதே பகுதிப் பெண்கள் சுமார் நூறு பேர் சேர்ந்து 'வசந்த சேனா' என்று ஒரு குழு தொடங்கினார்கள். இந்தக் குழுக்களால் குடும்பத்துக்குக் கிடைத்த நன்மைக்குக் கைம்மாறாகக் காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முறை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு பேராகக் காட்டின் ஓரங்களில் ரோந்து போனார்கள். சந்தன மரம் வெட்டப்பட்டிருக்கிறதா, புதிய ஆள் நடமாட்டம் தெரிகிறதா, எங்காவது புகை வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சம்பளம் இல்லை. வீட்டு வண்டியும் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, காட்டைச் சுற்றிவிட்டு, மறுபடி வீட்டுக்கே போனார்கள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவங்க காட்டுக்குப் போற அன்னைக்கு வீட்டுல யாரு சோறாக்குறது?"

பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால், எத்தனையோ கட்டுரைகள் கேட்காத கேள்வியை அம்மா கேட்டுவிட்டார் என்று மட்டும் தோன்றியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

அவர்கள் காத்தது நம் தண்ணீரை

'அது கேரளாக் காடு, நமக்கென்ன?' என்று நினைக்கிறவர்கள் லோயர் கேம்ப்பில் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களில் வருவது அந்தக் காட்டில் பெய்த மழை. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதைத் தேக்குகிறது, சுரங்கம் அதை நம் பக்கம் திருப்பிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லும், வைகை வழியாக மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரையிலான பாசனமும் குடிநீரும் அதை நம்பித்தான். மேலே ஒரு மரம் நின்றால் கீழே ஒரு வாய்க்காலில் ஈரம் இருக்கும். மாநில எல்லை மேப்பில்தான் இருக்கிறது, மழைக்கு அது தெரியாது.

நம் பக்கமும் காடு இருக்கிறது. மேகமலையையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்து 2021-ல் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். வைகை பிறக்கும் மலைகள் அவை.

ஆசை மட்டும் போதாது

ஒன்றை மறக்கக் கூடாது. 2018 மார்ச் 11-ம் தேதி, போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். காட்டை நேசித்து வந்தவர்கள்தான் அவர்களும். கோடையில் காய்ந்த போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அன்று முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்ததும் அந்த மலை மக்கள்தான்.

அதனால், காட்டுக்கு உதவ நினைப்பவர்கள் வனத்துறையின் அனுமதியோடு, உள்ளூர்க்காரர்களின் துணையோடுதான் போக வேண்டும். தனியாகக் கிளம்புவது சேவையாகாது. நம்மைத் தேடவும் நாலு பேர் அலைய வேண்டியதாகிவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015 முதல் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' தளத்தில் பதிய வேண்டும். மொட்டை மாடியே போதும். வயது வரம்பு இல்லை.

* தமிழ்நாடு வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் நீர்நிலைகளுக்கும் காடுகளுக்கும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில், பெரியாறு காப்பகத்துக்குள் இருக்கிறது. பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோகாமல் இருந்தாலே அது அன்றைக்குச் செய்யும் பெரிய தொண்டு.

கடைசியில் அப்பா?

மாட்டுப் பொங்கல் அன்று காலை மாடியில் அம்மாவிடம் என் போனைக் கொடுத்தேன். 15 நிமிடத்தில் பத்து வகைப் பறவைகளைச் சொன்னார். எனக்கு அதில் நாலுதான் தெரியும். "தெனம் துணி காயப் போடுறப்ப பாக்குறதுதான்" என்றார்.

அப்பாவுக்கு வேறு மாதிரி அமைந்தது. தெரிந்த பையன் ஒருவன் கல்லூரி நண்பர்களோடு வைகை அணைக்குப் பறவை எண்ணப் போவதாக இருந்தான். வேன் இருந்தது, விடியற்காலை ஓட்ட ஆள் இல்லை. அப்பா போனார். காசு வாங்கவில்லை. மதியம் திரும்பி வந்தவர், அந்தப் பெரிய அலகுப் பறவை கொக்கு இல்லையாம், நத்தை குத்தி நாரையாம் என்று தெருவில் போனவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன் ஆசை விட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. நேற்று அதிகாலையிலும் ஒரு வீடியோ வந்தது. இந்த முறை கீழே எழுதியிருந்த வரி வேறு: 'அடுத்த கணக்கெடுப்பு எப்பன்னு கேட்டுச் சொல்லு. அம்மாவும் வர்றா.'

அம்மா வருகிற அன்றைக்கு வீட்டில் யார் சோறாக்குவது? அதைத் திரும்பக் கேட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.